எல்லை தாண்டி ஒயின் விருந்துக்குப் போகும் ஓசூர் நண்பர்களுக்கு

அன்புள்ள தொழிற்பேட்டை நண்பர்களுக்கு,

ஓசூர் சிப்காட், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று நம் மாவட்டத்து ஆலைகளில் வேலை பார்க்கும் உங்களில் பலர் இப்போது பெங்களூரு ஓட்டல்களில் நடக்கும் ஒயின் விருந்துகளுக்குப் போய்வருகிறீர்கள். ஐந்து வகைச் சாப்பாடு, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக ஒரு ஒயின். அந்த ஒயினைத் தயாரித்தவரே கடல் கடந்து வந்து மேசை மேசையாக நின்று பேசுவார். வெளிநாட்டு வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கல்யாண நாளைக் கொண்டாடச் சொந்தக் காசில் போகும் தம்பதிகள் உண்டு. ஒரே லைனில் வேலை பார்க்கும் தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்து போனதையும் கேள்விப்பட்டேன். திரும்பி வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு. ஆனா அவர் பேசறப்ப நான் வாயே திறக்கல" என்கிறார்கள்.

வாய் திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். ஆலைக் கேன்டீன்களுக்குச் சமைத்துப் போடுவது என் தொழில். உங்கள் நாக்கு என்னென்ன தெரிந்து வைத்திருக்கிறது என்பது எனக்கு அன்றாடம் தெரிகிற விஷயம். ரசத்தில் புளி கொஞ்சம் தூக்கலானால் முதல் பந்தியிலேயே சொல்லிவிடுகிறீர்கள். சாம்பாரில் பழைய பருப்பா புதுப் பருப்பா என்று கேட்கிறீர்கள். நெல்லிக்காய் ஊறுகாய் இன்னும் ஊறவில்லை, துவர்ப்பு அப்படியே இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறீர்கள். இப்படிப்பட்ட நாக்கை வைத்துக்கொண்டு, கிளாஸை எப்படிப் பிடிப்பது, எத்தனை முறை சுழற்றுவது என்ற கவலையிலேயே ஒரு மாலை முழுதும் ஊமையாக உட்கார்ந்திருப்பது பெரிய வீண். அது உங்களுக்கும் நஷ்டம், வந்தவருக்கும் நஷ்டம்.

வந்தவர் எதற்காக வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். இறக்குமதி ஒயினுக்கு இந்தியா நெடுங்காலம் 150 சதவீத சுங்கவரி விதித்து வந்தது. ஆஸ்திரேலியாவோடு செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பாட்டில் 5 அமெரிக்க டாலருக்கு மேல் விலையுள்ள ஆஸ்திரேலிய ஒயினுக்கு அது 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேல் போனால் 75 சதவீதமாகவும் இறங்கியது. வரும் ஆண்டுகளில் இன்னும் படிப்படியாக இறங்கும். வரி இறங்கினால் விற்க வருகிறவர்கள் கூடுவார்கள். விற்க வருகிறவருக்கு, வாங்குகிறவர் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஓட்டல் சமையல்காரர் அதைச் சொல்லமாட்டார். அவர் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் போட்டு, வந்தவருக்குப் பழகின சாப்பாட்டையே செய்து வைத்திருப்பார். சொல்லக்கூடியவர் அந்த மேசையில் நீங்கள்தான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால் புளியிலிருந்து ஆரம்பியுங்கள். நம் சாலையோரப் புளியமரத்துப் பழத்தில் இருக்கும் புளிப்புக்கும், பிரான்சின் பொர்தோவில் விளையும் திராட்சையின் புளிப்புக்கும் மூலம் ஒன்றே: டார்டாரிக் அமிலம். மற்றப் பழங்களில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலமோ மாலிக் அமிலமோதான் மேலோங்கி நிற்கும். டார்டாரிக் அமிலம் இவ்வளவு நிறையச் சேர்ந்த பழங்கள் மிகச் சில. அவற்றில் புளியும் திராட்சையும் முக்கியமானவை. புளியின் சதையில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை அந்த அமிலம் இருக்கிறது. நன்றாகக் குளிர வைத்த வெள்ளை ஒயின் பாட்டிலின் அடியில் சில சமயம் கண்ணாடித் தூள் போல் மினுங்கும் படிகங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. குளிரில் கரையாமல் படிந்துவிடுகிறது, அவ்வளவுதான். வெயில் கொளுத்தும் ஊர்களில் திராட்சை பழுக்கப் பழுக்கப் புளிப்பு சரசரவென்று இறங்கிவிடும் என்பதால், நொதிக்க வைக்கும்போது இதே அமிலத்தைப் பொடியாகச் சேர்ப்பதும் வழக்கம். "இந்த வருஷம் எவ்வளவு சேர்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வி வந்ததும் அவர் உங்களோடு பேசுகிற விதம் மாறிவிடும்.

இதில் சாப்பாட்டுக்கான பாடமும் இருக்கிறது. சாப்பாட்டில் எவ்வளவு புளிப்போ, ஒயினிலும் குறைந்தது அவ்வளவாவது புளிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று போய்விடும். நம் ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் பக்கத்தில் கொழகொழப்பான, ஓக் பீப்பாயில் வைத்தெடுத்த ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் நிற்கவே நிற்காது. அங்கே புளிப்பு தூக்கலான சோவின்யோன் பிளாங்க் வேண்டும், அல்லது இனிப்பில்லாத நுரை ஒயின் வேண்டும். பச்சைப்புளி ரசத்தைச் சின்ன டம்ளரில் ஊற்றி முதல் வகையாகவே பரிமாறி, கூடவே நுரை ஒயின் கொடுத்தால் எப்படி இருக்கும்! எந்த ஓட்டலும் இன்னும் செய்ததாக நான் கேள்விப்படவில்லை. செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

காரம் இன்னும் பெரிய விஷயம். ஒரு விருந்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான்காவது வகையாக மிளகும் காய்ந்த மிளகாயும் தூக்கலாகப் போட்டு வறுத்த ஆட்டுக்கறி வந்தது. அதற்கு ஜோடியாகப் புது ஓக் பீப்பாயில் நாள்பட வைத்த, பதினான்கு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள கபர்னே சோவின்யோன். கறுத்த சிவப்பு, கெட்டியான ஒயின். என் பக்கத்தில் சிறிய டூல் ரூம் நடத்தும் நம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டு கறி, ஒரு மடக்கு ஒயின். கண்ணில் தண்ணீர் கோத்துவிட்டது; தண்ணீர் கிளாஸை ஒரே மூச்சில் காலி செய்தார். அந்த நேரம் பார்த்துத் தயாரிப்பாளர் எங்கள் மேசைக்கு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். சுற்றியிருந்த எல்லோரும் பிரமாதம் என்றார்கள். டூல் ரூம்காரர் மட்டும், தனக்கு வந்த ஆங்கிலத்தில், கறி தனியாக நன்றாக இருக்கிறது, ஒயின் தனியாக நன்றாக இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் நெருப்பு என்று சொன்னார்.

தயாரிப்பாளர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மிளகாயின் காப்சைசின் வாயில் எந்த நரம்பு முனைகளைச் சுட்டெரிக்கிறதோ, அதே முனைகளை ஆல்கஹாலும் தூண்டும் என்றார். சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானின் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை வறள வைத்துவிடும், வறண்ட வாயில் எரிச்சல் இன்னும் கூடும் என்றார். பிறகு இரண்டாவது வகையோடு ஊற்றிய ரீஸ்லிங்கை, லேசாக இனிப்புத் தட்டுகிற ஒன்பது பத்து சதவீத ஒயினை, ஐஸ் வாளியிலிருந்து எடுத்துவரச் சொன்னார். அதே கறியோடு குடித்துப் பார்த்தோம். எரிச்சல் அடங்கியது, மிளகின் மணம் மட்டும் மேலே வந்தது. அதோடு விடவில்லை. ஒரு எலுமிச்சைத் துண்டும் உப்பும் கேட்டு வாங்கிக் கறியின் மேல் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, மறுபடி அந்தச் சிவப்பு ஒயினைக் குடிக்கச் சொன்னார். கசப்பும் துவர்ப்பும் பாதியாகக் குறைந்திருந்தன. போகும்போது சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். அன்றைக்கு அந்த அறையில் அவருக்குப் பயன்பட்ட ஒரே வாக்கியம் டூல் ரூம்காரர் சொன்னதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு துளை அளவு தப்பியிருந்தால் எப்படிச் சொல்வீர்களோ, அப்படி: எங்கே, எவ்வளவு, எதனால்.

துவர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு ஒயினை முதன்முதலில் குடிக்கிறவர்கள் முகம் சுளிப்பது அதனால்தான். ஆனால் வாழைப்பூவை ஆய்ந்து மோரில் போட்டு வைக்கிறவர்கள் நாம். நாவல் பழத்தைத் தின்று நாக்கை நீட்டிக் காட்டுகிறவர்கள் நாம். வெற்றிலை பாக்கில் கொட்டைப்பாக்கு ஒரு துண்டு கூடினாலும் தெரிந்துவிடும் நமக்கு. துவர்ப்பு எங்கே நல்லது, எங்கே அதிகம், எதைச் சேர்த்தால் அடங்கும் என்பது வீட்டுச் சமையல்கட்டில் கற்றது. உப்பு அடக்கும், கொழுப்பு அடக்கும், தேங்காய் அடக்கும். கிளாஸில் இருக்கும் டானினுக்கும் இதே கணக்குதான்.

மீனும் சிவப்பு ஒயினும் சேராது என்று சொல்வார்கள். அதைச் சும்மா சம்பிரதாயம் என்று ஒதுக்க வேண்டாம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டு சொன்ன காரணம், சில சிவப்பு ஒயின்களில் கரைந்திருக்கும் இரும்பு. இரும்பு கூடுதலாக இருந்தால் மீனோடு சேர்ந்ததும் வாயில் கவிச்சி வாடை நிற்கும். கிருஷ்ணகிரி அணைப் பக்கத்து மீன் வறுவலுக்கு வெள்ளை ஒயினே சரி.

வாசனையைப் பற்றிப் பேசும்போதுதான் நம்மவர்கள் ரொம்பவும் ஒடுங்கிப் போகிறார்கள். வந்தவர் கிளாஸை முகர்ந்து பிளாக்கரண்ட், கூஸ்பெரி, வயலட் பூ என்று அடுக்குவார். நாம் பார்த்தறியாத பழம், பார்த்தறியாத பூ. அவருடைய ஊரில் விளைவதை அவர் சொல்கிறார். உங்கள் ஊரில் விளைவதை நீங்கள் சொல்லுங்கள். மஸ்கட் வகைத் திராட்சையில் இருக்கும் ஜெரானியால், லினலூல் என்ற மணப்பொருள்கள் ரோஜாவிலும் இருப்பவை. காதலர் தினத்துக்கு வெளிநாடுகளுக்கு ரோஜா கட்டி அனுப்பும் ஓசூரில் பிறந்தவருக்கு, பூத்த ரோஜாவுக்கும் மொட்டுக்கும், காலையில் வெட்டியதற்கும் குளிர் அறையில் வைத்ததற்கும் மணத்தில் வித்தியாசம் தெரியும். இதைவிட நுட்பமாக அந்த அறையில் யாரும் சொல்லிவிட முடியாது. சில வருஷம் பாட்டிலில் கிடந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை வரும். அதை விரும்பித் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறவருக்கு அது மண்ணெண்ணெயா டீசலா என்று சொல்லத் தெரியாதா? "பழுத்த கொய்யா", "முதல் மழையில் நனைந்த செம்மண்", "பச்சைக் குடைமிளகாய்" என்று உங்கள் மூக்கில் பட்டதைச் சொல்லுங்கள். கடைசியில் சொன்னது தளி பக்கத்துப் பாலிஹவுஸில் நீங்கள் அறிந்த வாசனை. கபர்னே சோவின்யோனில் அது உண்மையாகவே உண்டு. பைரசின் என்ற சேர்மக் குடும்பம் குடைமிளகாய்க்கும் அந்தத் திராட்சைக்கும் பொது.

இனி நம் பக்கத்துத் திராட்சை. பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலை அடிவாரத்தில் தொட்டபள்ளாபுரத்தில், 1988இல் கன்வல் குரோவர் குடும்பம் பிரெஞ்சு வகைகளை நட்டுத் தோட்டம் போட்டது. பொர்தோவின் பெயர்பெற்ற ஒயின் ஆலோசகர் மிஷேல் ரோலான் 1990களிலிருந்தே அங்கே வந்து ஆலோசனை சொன்னார். வெளிநாட்டு ஒயின் நிபுணர் ஒருவர் நம் தக்காண பீடபூமியின் மண்ணை மிதித்துப் பார்த்துத் தொழில் செய்த கதை அங்கே இருக்கிறது. அந்தப் பீடபூமியின் தெற்கு ஓரத்தில்தான் ஓசூரும் இருக்கிறது, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், அதே இராக்குளிரோடு. கர்நாடகம் 2007இல் திராட்சை பதப்படுத்தலுக்கும் ஒயினுக்கும் என்று தனிக் கொள்கையே வகுத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் நம் விவசாயி ரோஜாவும் முட்டைக்கோஸும் தக்காளியும் போடுகிறார். மாம்பழக் கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாம்பழம் ஏற்றுகிறார். இரண்டு பக்கமும் மண்ணும் காற்றும் ஒன்றாக இருக்கும்போது பயிர் மாறுவதற்குச் சட்டமும் சந்தையும் தவிர வேறு என்ன காரணம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

வந்தவரிடம் கேட்பதற்கு இங்கே நல்ல கேள்வி ஒன்று உண்டு. ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் திராட்சைக் கொடி இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கிவிடும். அந்த மாதங்களில்தான் அங்குள்ள தயாரிப்பாளர்களுக்கு ஊர் சுற்ற நேரம் கிடைக்கும். நம் ஊரில் கொடி தூங்குவதே இல்லை. அதனால் ஒயின் திராட்சையை ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். கோடையில் ஒரு வெட்டு, கொடி வலுப்பெறுவதற்கு. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இன்னொரு வெட்டு, காய்ப்பதற்கு. அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். அதாவது ஐரோப்பாவில் கொடி தூங்கும்போது நம் பக்கத்துக் கொடியில் குலை தொங்குகிறது. "நாளைக்குக் காலையில் எங்களோடு தோட்டத்துக்கு வருகிறீர்களா?" என்று கூப்பிடுங்கள். விமானம் ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் போதும். தோட்டங்கள் விமான நிலையத்தைத் தாண்டித்தான் இருக்கின்றன.

அப்படியே நம் கறுப்புத் திராட்சையையும் அவர் முன் வையுங்கள். பெங்களூர் புளூ என்று சந்தையில் நாம் கிலோக் கணக்கில் வாங்குகிற, தோல் தடித்த, விதையுள்ள, கடித்தால் சதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும் அந்தப் பழத்துக்கு மேலைநாட்டில் இசபெல்லா என்று பெயர். அமெரிக்கக் கொடியின் ரத்தம் கலந்த வகை. அதன் தனி வாசனைக்கு மெத்தில் ஆந்த்ரனிலேட் காரணம். கடைகளில் விற்கும் திராட்சை மிட்டாயில் வருவதும் அந்த வாசனையே. இசபெல்லாவிலிருந்து ஒயின் செய்து விற்பதைப் பிரான்சு 1930களில் சட்டம் போட்டுத் தடுத்தது. வந்தவர் அதைப் பற்றி நல்லது கேட்டே இருக்கமாட்டார். நம் பக்கத்துக்கு அது புவிசார் குறியீடு பெற்ற பழம். சிக்கபள்ளாபுரம், கோலார், பெங்களூரு கிராமப்புறங்களில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பிழைப்பு. ஒரு குலையைக் கழுவித் தட்டில் வைத்து, தின்று பார்த்துச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்பதில் என்ன தயக்கம்? தெற்கே கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மஸ்கட் ஹாம்பர்க், ரோஜா மணக்கும் குடும்பம். வருஷம் முழுக்கக் காய்ப்பது. அதைப் பற்றி அவருக்குச் சொல்ல இந்த மாநிலத்தில் பிறந்த நம்மைவிட்டால் அந்த மேசையில் வேறு யார் இருக்கிறார்கள்?

இவ்வளவும் ஆசையோடு சொன்னவன், இனிச் சொல்வதையும் அதே ஆசையோடுதான் சொல்கிறேன். நாம் எந்த மண்ணிலிருந்து போகிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. கள்ளுக் கடை வருமானம் போன இடத்தை நிரப்பவே 1939இல் விற்பனை வரி வந்தது. பிறகு சட்டம் பலமுறை புரண்டது. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக்கே நடத்துகிறது. குடியால் சம்பளம் வீடு வந்து சேராத குடும்பங்கள் நம் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்புகளில் இருக்கின்றன. என் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்களில் சிலர் அதனால்தான் வேலைக்கு வந்தார்கள். ஒயின் நாகரிகமான பானம், அது வேறு இது வேறு என்று பேசுவதை நான் ஏற்கவில்லை. பாட்டிலுக்குள் இருக்கும் ஆல்கஹால் ஒன்றே. விருந்தில் மதிப்பதற்கு இருப்பது நிதானம். கால் கிளாஸ் ஊற்றி, அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசி, சாப்பாட்டோடு சேர்த்துப் பார்க்கும் அந்த நிதானத்துக்காக மட்டுமே நான் இதை ஆதரிக்கிறேன். அது கைநழுவினால் விருந்துக்கும் சாராயக் கடைக்கும் நடுவில் மேசை விரிப்பு ஒன்றுதான் வித்தியாசம்.

குடிக்காத நண்பர் உங்களோடு வந்தால் ஒரு வார்த்தை வற்புறுத்த வேண்டாம். மனைவிக்கோ கணவருக்கோ விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். நொதிக்காத திராட்சைச் சாற்றைக் குளிரவைத்து அதே கிளாஸில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தால் பாதிச் சாப்பாட்டுக்கு ஒயினைவிட நன்றாகவே சேரும். இதை நான் பந்தயம் கட்டிச் சொல்வேன்.

வண்டி விஷயத்தைக் கணக்காகச் சொல்கிறேன். ஒரு வகைக்கு 60 மில்லி என்றால் ஐந்து வகைக்கு 300 மில்லி. 13 சதவீத ஒயினில் அது ஏறத்தாழ 31 கிராம் ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆளுக்கு ரத்தத்தில் 100 மில்லிக்கு 60 மில்லிகிராம் அளவு வரை ஏற்ற அது போதும். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 30. சாப்பிட்டதாலும் நேரம் ஆனதாலும் குறையும் என்று நம்பி அத்திப்பள்ளி நோக்கி வண்டியை எடுக்க வேண்டாம். முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். அதைவிட, 44ஆம் எண் நெடுஞ்சாலையில் இரவு பதினோரு மணிக்கு நடுக்கோட்டில் நிற்கும் கண்டெய்னர் லாரி யாருக்கும் இரண்டாம் வாய்ப்பு தராது. நாலு பேர் சேர்ந்து டிரைவர் வைத்துப் போங்கள். இல்லாவிட்டால் ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுங்கள். துப்புவதற்கென்று கிண்ணம் வைப்பது உலகம் முழுக்க ஒயின் தொழிலில் இருக்கிறவர்களின் அன்றாடப் பழக்கம். கேட்டால் கொண்டுவந்து வைப்பார்கள். வந்திருக்கும் தயாரிப்பாளரே துப்புவதைப் பார்ப்பீர்கள். பிடித்த பாட்டிலை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு ஜூஜுவாடியைத் தாண்டவும் வேண்டாம். மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். கர்நாடக பில் தமிழ்நாட்டில் செல்லாது.

மெனுவுக்கு வருகிறேன். இது எனக்கு மிகவும் முக்கியம். டிசம்பர், ஜனவரியில் நம் பக்கத்தில் அவரைக்காய் சீசன். பனி விழுந்த அவரைக்கொட்டையை ஊறவைத்து, இரண்டு விரலால் பிதுக்கித் தோலை நீக்கி, கசகசா தேங்காய் அரைத்துவிட்டு ஆட்டெலும்போடு கொதிக்கவைத்த பிதுக்கம்பருப்புக் குழம்பு. பக்கத்தில் ராகிக் களி. கர்நாடகத்தில் அதே பருப்பு, அதே களி, பெயர்தான் வேறு. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஒரே வாசனை வரும் மாதங்கள் அவை. களி தனக்கென்று பெரிய ருசி இல்லாதது, மெல்லாமல் விழுங்குவது. அது காரத்தை வாங்கி அமர்த்திவிடும். தேங்காயும் பருப்பும் துவர்ப்பை அடக்கும். இந்தச் சாப்பாட்டுக்கு ஓக் வாசனை அடிக்கும் கனத்த ஒயின் ஒத்துவராது. லேசாகக் குளிரவைத்த சாஞ்சொவேசே என்ற சிவப்பு ஒயின் பொருந்தும் என்பது என் கணிப்பு. ஹம்பிப் பக்கத்திலும் சோலாப்பூர் அக்லூஜிலும் அந்த வகை விளைகிறது. வந்தவரின் ரோஸே ஒயின் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாட்டுக்கோழி வறுவலுக்கு, மேலே சொன்ன ரீஸ்லிங் போல இனிப்புத் தட்டும் எதுவும். தேங்காய்ப்பால் சேர்ந்த குருமாவுக்கு வியோனியே என்ற வெள்ளை ஒயின். நந்தி மலையிலேயே நல்லது வருகிறது. மாம்பழம் வேண்டுமென்றால் கோடையில் விருந்து வைக்கச் சொல்லுங்கள். ஆனால் பழத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒயின் புளிக்காடி போலத் தெரியும். தயிர்சாதத்துக்கு எதுவும் வேண்டாம். அதைத் தனியாக, கடைசியில், மாவடுவோடு சாப்பிட்டு எழுந்திருங்கள்.

விருந்துக்குப் பணம் கட்டும்போதே ஓட்டலுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்து எழுதினால் படிக்காமல் இருக்கமாட்டார்கள். ஐந்து வகையில் குறைந்தது இரண்டு நம் பக்கத்துச் சாப்பாடாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். திராட்சை விளைவிக்கும் விவசாயி ஒருவருக்கும் அவர் துணைவிக்கும் மேசையில் இடம் போட வேண்டும் என்று கேளுங்கள். அந்த இரண்டு இலைக்கான காசை நாம் பிரித்துக்கொள்ளலாம். கவாத்துக் கத்தியைப் பிடித்தவரும் பீப்பாயைத் திறந்தவரும் ஒரே மேசையில் பேசிக்கொள்ள மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே வாயால் பேசுகிறவர்கள் ஓசூரைவிட எங்கே கிடைப்பார்கள்?

பிதுக்கம்பருப்புக் குழம்பின் செய்முறையை, ஐம்பது பேருக்கான அளவோடு, எழுதி வைத்திருக்கிறேன். ஓட்டல் சமையல்காரர் கேட்டால் கொடுங்கள். முந்தின நாள் இரவே பருப்பை ஊறவைக்கச் சொல்லுங்கள். பிதுக்குவதற்கு ஆள் போதவில்லை என்றால் எங்கள் கேன்டீனிலிருந்து ஆறு பேரை நானே அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கேன்டீன் சமையல்காரர்
ஓசூர்